கணக்கை இயந்திரம் போடும்; கையெழுத்தை யார் போடுவது?

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போனவர்கள், வெயில் ஏறிய பிறகு பால் வாளியைச் சுமந்துகொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்கு வருவார்கள். பால் நிறுக்கப்படும். மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். கிராணி அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் சம்பளம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும்.

தராசை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அன்றைய எடையைக் காலண்டரில் குறித்து வைத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னார்கள். சம்பள நாளில் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். அந்தச் சிறு சந்தேகம் அனுபவம் கற்றுக் கொடுத்த பாடம்.

இன்று அதே பாடம் வேறொரு இடத்தில் நமக்குத் தேவைப்படுகிறது.

சித்தியவான் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் சித்தியவான், ஸ்ரீ மஞ்சோங், ஆயர் தாவார் என்று பட்டணங்களில் குடியேறிவிட்டார்கள். மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்ற தகப்பனாரின் சேமநிதிப் பணமும் தாயாரின் நகையும்தான் பல கடைகளுக்கு முதல். அந்த முதலை நாடி இப்போது ஒரு புதிய விருந்தாளி வருகிறார். அவர் வரிக் கணக்கு மென்பொருள் விற்பவர்.

அவரைக் கண்டதும் கடைக்காரருக்கு மலைப்பு. கணக்கருக்கோ புன்சிரிப்பு! வரித் தொழிலில் பழுத்தவர்கள் ஏன் அந்த இனிய வாக்குறுதிகளை அப்படியே ஏற்பதில்லை?

கடைக்கு வந்த வாக்குறுதி

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இது குறிப்பிட்ட ஒரு கடையின் கதை அன்று. எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

பட்டணத்து ஓரத்தில் ஒரு மளிகைக் கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். கையில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர் நுழைகிறார்.

"அண்ணே, இனிமே எல்லாக் கடைக்கும் இ-இன்வாய்ஸ் சட்டம் வந்திருச்சு. செய்யலேன்னா அபராதம். நம்ம மென்பொருளை வாங்கிப் போட்டா எல்லாம் தானா நடக்கும். கணக்கருக்குக் கொடுக்கிற காசும் மிச்சம். வருசத்துக்கு 2,400 வெள்ளிதான்."

கணவன் பேனாவை எடுத்துவிட்டார். மனைவிதான், "இருங்க, கணக்கு எழுதுற ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று தடுத்தார்.

ஐயா கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, கடையில ஒரு நாளைக்கு எவ்வளவு வியாபாரம்?"

"ஆயிரத்து இருநூறு வெள்ளி வரும் ஐயா."

"அப்படின்னா வருசத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். 10 லட்சத்துக்குக் கீழே இருக்கிற கடைக்கு இந்தக் கட்டாயமே இல்லையே! எதுக்கம்மா 2,400 வெள்ளி?"

அந்த அம்மாள் கேட்காமல் இருந்திருந்தால்? ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பள்ளிச் செலவு போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இ-இன்வாய்ஸ் என்பது மின் விலைப்பட்டியல். பொருளை விற்றவர் அதன் விவரத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கணினி வழியே அனுப்புவார். வாரியம் அதைச் சரிபார்த்து, தனி எண் ஒன்றைக் கொடுக்கும். இந்த முறை படிப்படியாக வந்தது. ஆண்டு வியாபாரம் 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு 2025 ஜனவரி 1-இலும், 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2025 ஜூலை 1-இலும், 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 2026 ஜனவரி 1-இலும் வந்தது.

அதற்கு முன்பு 5 லட்சம் வெள்ளிக்குக் குறைந்தவர்களுக்கே விலக்கு என்றிருந்தது. 2025 டிசம்பரில் அரசாங்கம் அந்த வரம்பை 10 லட்சமாக உயர்த்தியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 லட்சம் என்பது இலாபம் அன்று, மொத்த வியாபாரம். கையில் மிஞ்சுவது கொஞ்சம்தானே என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

வரம்புக்குள் வருகிறவர்களும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. 'மைஇன்வாய்ஸ்' என்னும் இலவச இணையத் தளத்தை வாரியமே வைத்திருக்கிறது. நாளுக்கு நூற்றுக்கணக்கில் பில் போடும் பெரிய கடைக்கு அது போதாமல் போகலாம். அப்போது மென்பொருள் உதவும். மாதத்துக்குப் பத்து பில் அனுப்பும் லோரிக்காரருக்கு இலவசத் தளமே போதும். இந்த வேறுபாட்டை எல்லா விற்பனையாளரும் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

2015 கற்பித்த பாடம்

வரிக் கணக்கர்களின் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 விழுக்காடு பொருள் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்தவர்கள் சுங்கத் துறையில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊரெங்கும் ஜி.எஸ்.டி. மென்பொருள் வியாபாரம் சூடு பிடித்தது. சிறு வணிகர்கள் மென்பொருள் வாங்க 1,000 வெள்ளி உதவிச் சீட்டும் அரசாங்கம் கொடுத்தது.

"பொத்தானை அழுத்தினால் போதும், வரி தானாக வந்துவிடும்" என்பதுதான் அன்றைய பாட்டு. உண்மையில் நடந்தது என்ன? அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்குச் சுழிய விகித வரி. சவர்க்காரத்துக்கு 6 விழுக்காடு. எந்தப் பொருள் எந்த வகை என்று முதலில் ஒரு மனிதர் உட்கார்ந்து கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சவர்க்காரத்தை அரிசி வகையில் சேர்த்துவிட்டால் கணினி மறுபேச்சுப் பேசாது. தப்பான கணக்கைத் துளிப் பிசகில்லாமல் கூட்டிக் கொடுக்கும்! சோதனைக்கு அதிகாரி வந்தால் நாற்காலியில் அமர்ந்து பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

பிறகு 2018 வந்தது. ஜூன் 1-இல் ஜி.எஸ்.டி. சுழியமானது. செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் அந்த வரிக்கென்றே வாங்கிய மென்பொருளுக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. சட்டம் மாறியது விற்றவரின் குற்றமன்று. ஆனால் "ஒருமுறை வாங்கினால் கவலையே இல்லை" என்று சொன்ன வாய், சட்டம் மாறும் என்பதைச் சொல்லவில்லை. அந்த மூன்றாண்டைக் கண்டவர்கள் இன்று விளம்பரத்தைப் படித்துப் புன்னகைப்பதில் வியப்பென்ன?

இயந்திரம் அறியாதது

இன்னொரு சிறு எடுத்துக்காட்டு. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறோம். பில்லைக் கடைச் செலவில் சேர்த்துவிடுகிறோம். மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், கூட்டலும் சரியாக இருக்கும். ஆனால் சொந்தச் செலவைக் கடைச் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்காது. அந்தப் பெட்டி கடையில் இருக்கிறதா, வீட்டுக் கூடத்தில் இருக்கிறதா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? மின் விலைப்பட்டியலுக்கு வாரியத்தின் எண் கிடைத்துவிட்டாலும், அந்தச் செலவு கழிக்கத்தக்கது என்று ஆகிவிடாது.

2004-ஆம் ஆண்டு முதல் தனி மனிதர்களுக்கும் சுய மதிப்பீட்டு முறை நடப்பில் இருக்கிறது. நம் வரியை நாமே கணக்கிட்டு நாமே உறுதி கூறுகிறோம். கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் 7 ஆண்டு காப்பாற்ற வேண்டும். கட்டாயம் உள்ளவர் மின் விலைப்பட்டியல் கொடுக்காவிட்டால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தத் தண்டனை வணிகருக்குத்தான். மென்பொருள் விற்றவர் பெயர் அந்தத் தாளில் இராது.

கடல் கடந்த இரு செய்திகள்

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் 'டர்போ டாக்ஸ்' என்னும் வரி மென்பொருளை 'இன்டூயிட்' நிறுவனம் விற்கிறது. "இலவசம், இலவசம்" என்று விளம்பரம் செய்து, உண்மையிலேயே இலவசமாக வரிக் கணக்கு அனுப்பியிருக்கக்கூடிய எளிய மக்களிடம் பணம் வாங்கியது என்று அந்நிறுவனத்தின்மேல் புகார் எழுந்தது. 2022-இல் ஐம்பது மாநிலங்களுடனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, சுமார் 44 லட்சம் பேருக்கென 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க அது இசைந்தது. தவறு செய்ததாக மட்டும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணக்கு முறை புகுத்தப்பட்டது. கணினி பணம் குறைகிறது என்றது. ஊர்ப்புறத்தில் சிறு அஞ்சல் நிலையம் நடத்திய ஆண்களும் பெண்களும் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். கணினியைத்தான் நம்பினார்கள். 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. 2010-இல் ஒரு பெண் கர்ப்பிணியாகவே சிறை சென்றார். அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணின் தண்டனை 2021-இல் ரத்தாயிற்று. 2024-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி எஞ்சியவர்களில் பெரும்பாலோரை விடுவித்தது. போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தக் கடைக்காரர்களுக்குத் தங்கள் கணக்கை இயந்திரத்தின் கணக்கோடு ஒத்துப் பார்க்க வழி இல்லாமல் போயிற்று. நமக்கு அந்த வழி இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

வாங்குமுன் கேளுங்கள்

மென்பொருளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது கூட்டலில் தவறாது. பழைய பில்லை நொடியில் தேடிக் கொடுக்கும். வரி பாரத்தை வீட்டிலிருந்தே அனுப்பும் வசதி 2006 முதல் எத்தனை பேருக்கு அலைச்சலைக் குறைத்திருக்கிறது! நல்ல கருவிக்கு நியாயமான விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

முதலாவது, என் வியாபார அளவுக்கு இது கட்டாயமா? இலவசத் தளத்தில் முடியாத எந்த வேலையை இது செய்யும்?

இரண்டாவது, முதல் ஆண்டு விலை இது. இரண்டாம் ஆண்டு எவ்வளவு? சட்டம் மாறினால் புதுப்பிக்கத் தனிக் காசா?

மூன்றாவது, நான் விலகிக்கொண்டால் என் 7 ஆண்டுக் கணக்கை என் கையில் கொடுப்பீர்களா?

நான்காவது, பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது? தமிழிலோ மலாயிலோ பேசுவார்களா?

ஐந்தாவது, வாயால் சொன்னதை எல்லாம் தாளில் எழுதிக் கொடுப்பீர்களா?

ஐந்தாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். அன்றே பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால், "நாளை சொல்கிறேன் தம்பி" என்று அனுப்பிவிடுங்கள். அந்த ஓர் இரவில் கணக்கரையோ, படித்த பிள்ளையையோ, வரி அலுவலகத்தையோ கேட்டுக்கொள்ளலாம்.

மென்பொருள் வாங்கிய பிறகும் ஒரு பழக்கம் வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள், அது காட்டும் மொத்தத்தையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் அன்றே கேளுங்கள். வீட்டுத் தாய்மார்கள் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. மாதச் சம்பளத்தை அரிசிக்கும் பள்ளிக்கும் சீட்டுக்கும் பிரித்துக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வித்தையா என்ன?

பால் நிறுக்கும் தராசு பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். என்றாலும் சுவரில் தொங்கிய அந்தக் காலண்டரில் நம் தாத்தாவின் எண்ணும் இருந்தது. இன்று கடைச் சுவரிலும் ஒரு காலண்டர் தொங்கட்டும். பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.