காட்டுக்கு ஒரு ஸ்டாக் செக்கிங்!

மளிகைக் கடையில் ஸ்டாக் எடுப்பது சுலபம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துவரம்பருப்பு எத்தனை மூட்டை, சோப்பு எத்தனை டஜன் என்று எண்ணி நோட்டில் எழுதினால் தீர்ந்தது. சரக்கு ஓடாது, பறக்காது, முக்கியமாகக் கடிக்காது.

அமேசான் காட்டில் ஸ்டாக் எடுக்கணும் என்றால்? அதுவும் ஒரே மாசத்தில்?

பி.காம். படித்தவன் என்பதால் இந்த மாதிரி கணக்குகளில் எனக்குத் தனி ருசி. 1990-ல் 'கன்சர்வேஷன் இன்டர்நேஷனல்' என்ற அமெரிக்க அமைப்பு ஆரம்பித்த வேலை இது. பெயர், 'ரேபிட் அசெஸ்மென்ட் புரோகிராம்'. சுருக்கமாக 'ராப்'. (பாட்டு இல்லை சார்!) இந்த ஐடியாவுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் மர்ரே கெல்-மான். 'குவார்க்' என்ற பெயரை பௌதிகத்துக்குக் கொடுத்தாரே, 1969-ல் நோபல் வாங்கினாரே, அவரேதான். மனிதருக்குப் பறவைகள் என்றால் பைத்தியம்.

ஒரு மழைக்காட்டை முழுசாக ஆராய்ச்சி பண்ண பல வருஷம் ஆகும். விஞ்ஞானி ரிப்போர்ட்டை டைப் அடித்து முடிப்பதற்குள் ரம்பக்காரன் வேலையை முடித்திருப்பான். அதனால், எந்தக் காட்டை முதலில் காப்பாற்றுவது என்று சொல்ல அவசரமாக ஒரு பட்டியல் வேண்டும். அவ்வளவுதான் சமாச்சாரம். முதலில் சாட்டிலைட் படம், அப்புறம் குட்டி விமானத்தில் ஒரு சுற்று, அதன் பிறகு டென்ட்டோடு காட்டுக்குள்.

முதல் காடு, பொலிவியாவில் ஆல்டோ மடிடி. 1990 மே நடுவில் போய் ஜூன் பாதியில் திரும்பிவிட்டார்கள்!

குழுவில் டெட் பார்க்கர் என்றொரு ஆள். பறவை நிபுணர். இவர் பறவையைப் 'பார்த்து' எண்ணுகிறவர் இல்லை, காதால் எண்ணுகிறவர். அடர்ந்த காட்டில் எதுவும் கண்ணில் படாது, ஆனால் விடியற்காலையில் எல்லாம் கத்தும். சுமார் 4,000 பறவை இனங்களை இவர் குரலை வைத்தே சொல்லிவிடுவார் என்பார்கள். நமக்கு போனில் ஹெட் ஆபீஸ் மேனேஜரின் குரல் ஒன்றுதான் உடனே தெரியும்!

தாவரத்துக்கு ஆல் ஜென்ட்ரி. இவர் முறை சுத்தமான ஆடிட்டர் முறை, அதாவது சாம்பிளிங். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளத்தில் பத்துப் பட்டைகள். மொத்தம் 1,000 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் நாலரை கிரவுண்டு. அதில் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமன் உள்ள மரம், கொடி எதையும் விடமாட்டார். அந்த நாலரை கிரவுண்டிலேயே 150 இனங்களுக்கு மேல் தேறுவது அமேசான் பக்கம் சகஜம். லூயிஸ் எம்மன்ஸ் என்ற பெண்மணி பாலூட்டிகளுக்கு. ராத்திரியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால், இருட்டில் பளிச்சிடும் கண்கள்தான் இவருக்கு அட்டெண்டன்ஸ்.

1995-ல் பொலிவியா அரசாங்கம் மடிடியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கிட்டத்தட்ட 19 லட்சம் ஹெக்டேர். இந்த ஒரு ரிப்போர்ட்டால்தான் என்று சொன்னால் அது ஓவர். ஆனால் மந்திரியின் மேஜையில் வைக்கக் கையில் ஒரு காகிதம் இருந்ததே, அது பெரிய விஷயம்.

அந்த அறிவிப்பைப் பார்க்க பார்க்கரும் இல்லை, ஜென்ட்ரியும் இல்லை. 1993 ஆகஸ்ட் 3-ம் தேதி, ஈக்வடாரில் குவாயாகில் நகருக்குப் பக்கத்து மலைக்காடுகளைக் கணக்கெடுக்கக் குட்டி விமானத்தில் போனபோது, அது மலையில் மோதியது. பார்க்கருக்கு 40 வயசு, ஜென்ட்ரிக்கு 48. பார்க்கர் பதிவு பண்ணிய டேப்புகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஜென்ட்ரி சேகரித்த சுமார் 80,000 செடி மாதிரிகளும் நமக்கு உண்டு. அந்த இரண்டு தலைகளுக்குள் இருந்ததற்கு மட்டும் காப்பி எதுவும் கிடையாது.

ஒரு மாசத்துப் பட்டியலை எப்படி நம்புவது என்று கேட்ட விஞ்ஞானிகளும் உண்டு. நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் வரும் தவளை கோடையில் ஆஜராகாது. பட்டியலில் இல்லை என்றால் காட்டிலேயே இல்லை என்று அர்த்தமில்லை. அதே மடிடியில் பிற்பாடு ஒரு புதுக் குரங்கே கிடைத்தது!

கண்டுபிடித்தவர்கள் செய்ததைக் கேளுங்கள். பெயர் வைக்கும் உரிமையை 2005-ல் ஏலத்துக்கு விட்டார்கள். 'கோல்டன் பேலஸ்' என்ற இன்டர்நெட் சூதாட்டக் கம்பெனி 6,50,000 டாலருக்கு எடுத்தது! லத்தீனில் 'தங்க அரண்மனையின்' என்று பொருள்படும் 'ஆரியைபலாட்டி' இன்றைக்கு அந்தக் குரங்கின் அறிவியல் பெயரில் இருக்கிறது. பணம் பூங்காவைப் பாதுகாக்கப் போனது. எனக்கென்னவோ இதில் தப்பாகப் படவில்லை. காவலர் சம்பளம் எந்தக் கல்லாவிலிருந்து வந்தால் என்ன?

பெயரில் தங்கம் இருந்த ராசியோ என்னவோ, இப்போது மடிடிக்குப் பெரிய தலைவலியே தங்கம்தான். ஆற்றங்கரைகளைத் தோண்டி, மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் கலக்கிறார்கள். அது ஆற்றில் இறங்கி, மீனில் ஏறி, அந்த மீனைத் தின்கிற கரையோரத்துப் பழங்குடிகளின் உடம்புக்குள் போய்ச் சேருகிறது.