மின்னலும் இடியும்: வினா – விடை

மின்னல் எப்படி உண்டாகிறது?
மழைமேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் சேர்கிறது. அது மிகுதியாகும்போது மேகத்துக்குள்ளேயோ, மேகத்திலிருந்து தரைக்கோ மின்சாரம் பாய்கிறது. அப்போது தோன்றும் ஒளிக்கீற்றே மின்னல்.

இடி ஏன் முழங்குகிறது?
மேகங்கள் முட்டிக்கொள்வதால் இடி முழங்குகிறது எனச் சிலர் கூறுவர். அது சரியன்று. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிச் சட்டென்று விரிவடைகிறது. அதனால் எழும் ஓசையே இடி.

மின்னல் முதலில் தெரிவது ஏன்?
இரண்டும் ஒரே நேரத்தில்தான் தோன்றுகின்றன. ஆனால் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஆகவே இடியோசை பிந்தி வருகிறது.

மின்னலின் தொலைவை அறிய முடியுமா?
முடியும். வீட்டுக்குள் இருந்தபடி, மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ண வேண்டும். இடி கேட்டதும் அந்த எண்ணை 3 ஆல் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 6 நொடி என்றால் 2 கிலோமீட்டர்.

தொலைவில் மின்னினால் வெளியே விளையாடலாமா?
கூடாது. 10 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேகத்திலிருந்தும் மின்னல் வந்து தாக்கலாம். இடியோசை கேட்டாலே கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.

மழைக்கு மரத்தடியில் ஒதுங்கலாமா?
இடி மின்னலின்போது ஒதுங்கவே கூடாது. உயர்ந்து நிற்கும் மரத்தை மின்னல் எளிதில் தாக்கும். மரத்தில் பாயும் மின்சாரம் அருகில் நிற்பவர் மீது தாவும். தரை வழியாகவும் பரவும். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், மின்னல் தாக்கினால் உயிரே போகலாம்.