பேர் போடாத வேலை

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் "பேர்" என்று சொல்வது எமது மக்களின் வழக்கம். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம், சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் எல்லாம் உண்டு. ஒரு தொழிலாளியின் முழு உரிமையும் இந்தச் சின்னச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. எமது முதிய தாய்மாரின் பிரச்சினையையும் இதே சொல்லால் சொல்லிவிடலாம். வயது வந்ததும் அவர்களது வேலை நிற்பதில்லை, பேர்தான் நின்றுவிடுகிறது.

ஓய்வுக்குப் பின்னும் ஓயாத வேலை

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, பன்விலை, புசல்லாவைப் பகுதிகளில் இதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஓய்வு பெற்ற தாய் சில வாரங்களில் அதே மலைக்கு, அதே கூடையுடன் திரும்பி வருகிறார். இம்முறை அவர் "கைக்காசு" ஆள். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. அத்துடன் கணக்கு முடிந்தது. வேறு சிலர் கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை வீடுகளுக்குச் சமையலுக்கும் துப்புரவுக்கும் போகிறார்கள். ஒப்பந்தக்காரரின் கீழ் ஆஸ்பத்திரியிலும் கந்தோர்களிலும் தரை துடைப்போர் உண்டு. கிராமங்களில் மிளகும் கராம்பும் ஆய்ந்து கொடுத்து நாட்கூலி பெறுவோரும் உண்டு.

ஏன் இந்த வயதில் வேலை? பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலோ மத்திய கிழக்கிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் இருக்கிறார்கள். மருந்துக்கும் பஸ்ஸுக்கும் பணம் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்போதே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தனர். அதன் பின் இந்த விகிதம் கூடியே வந்துள்ளது. ஆகவே இது ஒரு சில வீட்டாரின் கஷ்டம் மட்டுமல்ல.

இன்று எழுபதைத் தாண்டிய தாய்மார் ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளத்துக்கு வேலை தொடங்கியவர்கள். 1984 இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னரே தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. இளமையில் குறைத்துக் கொடுக்கப்பட்டவருக்கு முதுமையிலும் குறைத்துக் கொடுப்பது நியாயமா?

சட்டம் என்ன சொல்கிறது?

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, தொழில்கொள்வோரிடமிருந்து நூற்றுக்கு 12 நிதிக்குச் சேர வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, தற்காலிக வேலைக்கும் துண்டு வேலைக்கும் இது பொருந்தும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின் கீழ் தொழில்கொள்வோர் இன்னும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் வெட்ட முடியாது.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தையே எமது மக்கள் சேவைக்காலப் பணம் என்கிறார்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு இது உரியது. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். வேலையை விட்டு 30 நாட்களுக்குள் இது கொடுபட வேண்டும்.

மூன்றாவது, 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் பல தனியார் நிறுவனங்களில் பெண்களை ஐம்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். இச்சட்டம் வந்தபோது 52 வயதை எட்டாதவர்களுக்கு ஓய்வு வயது குறைந்தது 60 ஆனது. 52 க்கும் 55 க்கும் இடைப்பட்டிருந்தவர்களுக்கு 57 முதல் 59 வரை வைக்கப்பட்டது. பதினைந்து பேருக்குக் குறையாத எந்த வேலைத்தலத்திலும், ஆணாயினும் பெண்ணாயினும், வயதை மட்டும் காரணம் காட்டி அதற்கு முன் நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏழாவது மாதம் எழுந்து வந்தால் கதவு மூடியிருக்கும்.

கைக்கு வராத பணம்

1992 இல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவ கம்பனி ஆகியவற்றின் கீழ் சில தோட்டங்கள் அரசிடமே தங்கின. இத்தோட்டங்களில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் பல வருடங்கள் நிலுவையாய்க் கிடந்த விடயம் பாராளுமன்றத்திலும் பேசப்பட்ட ஒன்று. சம்பளத்தில் எட்டு வீதம் வெட்டியாயிற்று. அது நிதிக்குப் போய்ச் சேரவில்லை.

இதன் கனத்தை ஒரு கணக்கால் பார்ப்போம். முப்பது வருடம் சேவை செய்த தாய்க்கு 420 நாட் சம்பளம் சேரும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 567,000 ரூபா. கூரை மாற்றலாம், கண் சத்திரசிகிச்சை செய்யலாம், கடனை அடைக்கலாம். அது வராதபோது அதே தாய் கைக்காசுக்குக் குனிகிறார். கிடைக்க வேண்டிய பழைய பணம் கிடைக்காததே பலரை எந்தக் கூலிக்கும் இணங்கச் செய்கிறது.

பணம் தாமதிக்க இன்னொரு காரணம் கடதாசிகள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே இல்லை. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை எமது மக்களில் பலருக்குப் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீராதிருந்தது. ஆவணங்கள் பிந்தியே வந்தன. ஒரு எழுத்து மாறியதால் ஒரு வருடம் அலைய வேண்டியிருக்கிறது.

வீட்டு வேலை என்ற இருட்டறை

வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரின் நிலை இதிலும் கடினம். 1983 இன் பணிக்கொடைச் சட்டமும், 2016 இன் குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வீட்டு வேலையாளை வெளியே விட்டே எழுதப்பட்டன. இருபது வருடம் ஒரே அடுப்படியில் நின்றவரும் ஒரு சேலையுடன் விடைபெற வேண்டியதுதான். ஆயினும் ஒன்றுமே முடியாது என்பதில்லை. கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம், செங்கொடிச் சங்கம் ஆகியவற்றின் முயற்சியால் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்று ஒரு தொழிற்சங்கம் 2012 இல் பதிவானது. அதற்கு முந்திய வருடம் சர்வதேச தொழில் தாபனம் வீட்டு வேலையும் தொழிலே என்று 189 ஆம் இலக்க சமவாயத்தை ஏற்றிருந்தது.

நாம் செய்யக் கூடியவை

கைக்காசையே சில தாய்மார் விரும்புகிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. நினைத்த நேரம் போகலாம், காசு உடனே கைக்கு வரும். வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கோ, உரிமை கேட்டால் உள்ள இடமும் போய்விடும் என்ற பயம். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒருவர் தனியே கேட்டால் துரத்தலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பேச வேண்டி வரும். எனவே எமது மாதர் சங்கங்களும் கிராமக் குழுக்களும் சில வேலைகளை இப்போதே தொடங்கலாம்.

முதலாவதாக, ஐம்பது வயதைத் தொட்ட ஒவ்வொரு பெண்ணின் ஆவணங்களையும் பார்ப்போம். பெயர் வித்தியாசம் இருந்தால் ஓய்வுக்கு முன்னரே திருத்துவோம். கிராம உத்தியோகத்தரிடமும் சமாதான நீதவானிடமும் அவருடன் கூடச் செல்வோம்.

இரண்டாவதாக, சம்பளச் சிட்டையைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் சேர்த்து வைக்கப் பழக்குவோம். கைக்காசு வேலையாயின் திகதி, கிலோ, பெற்ற காசு மூன்றையும் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதும் நாளில் அந்தக் கொப்பி பேசும்.

மூன்றாவதாக, வீட்டு வேலைக்குப் போகுமுன் சம்பளம், வேலை நேரம், வாரத்தில் ஒரு ஓய்வுநாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருபகுதியும் கையொப்பமிடச் செய்வோம். நல்ல மனமுள்ள வீட்டுக்காரர் இதை மறுக்க மாட்டார். எம்மில் வீட்டுக்கு ஆள் வைத்திருப்போர் முதலில் இதைச் செய்து காட்ட வேண்டும்.

நான்காவதாக, நிர்வாகத்துடன் பேசும்போது வயதுக்கேற்ற வேலையைக் கேட்போம். செங்குத்து மலையில் இருபது கிலோ சுமக்க முடியாத தாய்க்கு நாற்று மேடையும் பிள்ளை மடுவமும் கொழுந்து தெரிவதும் கைவந்த வேலைகள். இலகுவான வேலை என்பதற்காகக் கூலி குறைய வேண்டியதில்லை. முப்பது வருட அனுபவத்துக்கும் விலை உண்டு.

வயதானவர்களுக்கு ஒரு நாள் விருந்து வைத்துப் பொன்னாடை போர்த்துவது எமது ஊர்களில் இப்போது வழக்கமாகியுள்ளது. நல்லதுதான். ஆனால் அந்தத் தாய் கேட்பது பொன்னாடையல்ல. செய்த வேலைக்குப் பேர், பேருக்குரிய காசு. அடுத்த கூட்டத்தில் எமது குழு எடுக்கும் முதல் விடயமாக இது இருக்கட்டும்: எமது ஊரில் அறுபதைத் தாண்டியும் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் பழைய நிலுவை வர வேண்டியவர்கள் யார்? அந்தப் பட்டியலை எழுதி முடித்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.