கலந்து நிற்கும் நெல்லும் காக்கப்படும் விளைவும்

பள்ளு இலக்கியம் பயில்வோர் நெல் வகைகளின் நீண்ட பட்டியலைக் கண்டு வியப்பர். முக்கூடற்பள்ளு அடுக்கிக் கூறும் அப்பெயர்கள் வெறும் சொல்லலங்காரம் அல்ல. பல நெல் விளைந்த உழவு வாழ்வின் சான்றுகள் எனலாம். அப்பன்மை பயிருக்குக் காப்பாகவும் அமையும் என்பதை ஈண்டுக் காண்போம்.

ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல் விளைவிக்கும் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பனி இறங்கும் காலத்தில் உழவர் அஞ்சுவது குலைநோய். இலையில் கண் வடிவப் புள்ளியாகத் தோன்றும் இப்பூஞ்சை, கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணிகள் பதராகும். இதன் வித்துகள் காற்றில் பரவுவன. நோய்க்கு ஆளாகும் ஒரே இரகம் வயல் முழுதும் நின்றால், நோய் தடையின்றித் தாவும். 1980களில் தமிழகத்தில் விரும்பிப் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 50 இத்தகைய இரகமே.

நோய் தாங்கும் இரகம் இடையிடையே நின்றாலோ, வித்துகளுள் பல அதன்மீது விழுந்து வீணாகும். சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் ஜு யூயோங் குழுவினர் இதனை உழவர் வயல்களிலேயே ஆய்ந்தனர். நல்ல விலை பெறினும் நோய்க்கு எளிதில் ஆளாகும் உயரமான பசைநெல்லை, நோய் தாங்கும் கலப்பின நெல் வரிசைகளுக்கிடையே நட்டனர். 1999இல் இப்பரப்பு 3,342 எக்டேர். தனியே நட்டதைவிடப் பசைநெல்லில் நோய் 94 விழுக்காடு குறைந்தது. குத்துக்குக் குத்து ஒப்பிட்டால் விளைச்சல் 89 விழுக்காடு மிகுந்தது. பூஞ்சைக்கொல்லித் தெளிப்பும் கைவிடப்பட்டது. உயர்ந்து நின்ற பயிருக்குக் காற்றும் வெயிலும் கிடைத்து ஈரம் குறைந்ததும் ஒரு காரணம். 2000இல் இம்முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன.

இரகம் கலத்தல் நமக்குப் புதிதன்று. குறுகிய வயதுடைய குறுவையையும் நீண்ட வயதுடைய ஒட்டடையானையும் சேர்த்து விதைத்து, முன்னதை முன்னும் பின்னதைப் பின்னும் அறுக்கும் 'உடு' முறை தஞ்சைப் பகுதியில் இருந்தது. அதன் நோக்கம் ஒரே விதைப்பில் இரு அறுவடை பெறுதல்.

எனினும், கைக்குக் கிடைத்த விதைகளைக் கொட்டிக் கலப்பது பயன் தாராது. நோய் எதிர்ப்பில் வேறுபட்ட இரகங்களைத் தேர்ந்து நடவேண்டும். யுன்னானில் இரு நெல்லையும் கையால் தனித்தனியே அறுத்தனர். கூலியாள் அரிதாகி, இயந்திரமே அறுவடை செய்யும் நம் ஊர்களில் அது கடினம். சந்தையும் ஒரே தரத்தையே கேட்கிறது. ஆகவே வயதில் ஒத்த இரகங்களைச் சிறு பாத்தி ஒன்றில் வரிசை மாற்றி நட்டுப் பார்ப்பது தக்க தொடக்கமாகும்.

மருந்துக்குக் கடன்பட்டு, கதிரும் பதராய்ப் போகக் கலங்கும் குடும்பங்களிலிருந்து நம் மாணவர் பலர் வருகின்றனர். பள்ளு கூறும் நெற்பெயர்களை மனனம் செய்வதோடு நில்லாமல், தம் ஊர்ப் பெரியோரிடம் எந்நெல் எந்நோயைத் தாங்கியது எனக் கேட்டெழுதுவதும் தமிழ்ப்பணியே ஆகும்.