ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர் வேலை: டேக்கோகிராஃப் அட்டை பெறுவது எப்படி?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் லாரி ஓட்டும் பணிக்குச் செல்ல விரும்பும் இந்திய ஓட்டுநர்கள், விசா, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுடன் டேக்கோகிராஃப் ஓட்டுநர் அட்டை குறித்தும் அறிந்திருப்பது அவசியம். இந்த அட்டையை வழங்கும் அமைப்பு எதுவும் இந்தியாவில் இல்லை.

அட்டை எதற்கு?

வாகனத்தின் வேகம், ஓடிய தூரம், ஓட்டுநரின் பணி நேரம், ஓய்வு நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் கருவியே டேக்கோகிராஃப். பொதுவாக 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் இது கட்டாயம். பணியைத் தொடங்கும்போது ஓட்டுநர் தமது அட்டையைக் கருவியில் செருக வேண்டும். வாகனம் மாறினாலும் பதிவுகள் அட்டையில் தொடரும்.

ஒன்றிய விதிகளின்படி நாளொன்றுக்கு 9 மணி நேரமே வாகனம் ஓட்டலாம். வாரத்தில் 2 நாள்கள் மட்டும் 10 மணி நேரம் ஓட்ட அனுமதி உண்டு. வாரத்துக்கு 56 மணி நேரம், அடுத்தடுத்த 2 வாரங்களுக்கு 90 மணி நேரம் என்பது உச்சவரம்பு. நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளை கட்டாயம். சாலைச் சோதனையின்போது அன்றைய பதிவுடன் முந்தைய 56 நாள்களின் பதிவுகளையும் காட்ட வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது?

ஓட்டுநர் வழக்கமாக வசிக்கும் நாட்டில், அந்நாட்டு அரசு நியமித்த அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 185 நாள்கள் வசிப்பதே இதற்கான பொது அளவுகோல். இத்தகுதி இல்லாத வெளிநாட்டு ஓட்டுநருக்கு, அந்நாட்டு நிறுவனத்தில் பணியில் இருந்தால், விதிவிலக்கான சூழலில் அதிகபட்சம் 185 நாள்களுக்குத் தற்காலிக அட்டை வழங்கப்படலாம். அதைப் புதுப்பிக்க இயலாது.

விண்ணப்பம் பெறப்பட்ட ஒரு மாதத்துக்குள் அட்டை வழங்கப்பட வேண்டும். வழக்கமான அட்டை 5 ஆண்டுகள் செல்லும். காலாவதியாவதற்குக் குறைந்தது 15 வேலை நாள்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

பிரிட்டனில் ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமை இந்த அட்டையை வழங்குகிறது. இந்திய உரிமத்தை அங்கு நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. அந்நாட்டு உரிமம் பெற்ற பிறகே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

தொலைந்தால் என்ன செய்வது?

அட்டை தொலைந்தால் 7 நாள்களுக்குள் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில், அன்றாடப் பதிவை அச்செடுத்துக் கையொப்பமிட்டு அதிகபட்சம் 15 நாள்கள் வாகனம் ஓட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

ஒருவருக்கு ஓர் அட்டை மட்டுமே உண்டு. மற்றவரின் அட்டையைப் பயன்படுத்துவதும், பொய்யான ஆவணங்களைக் கொடுத்து அட்டை பெறுவதும் அட்டை பறிமுதலுக்கு இட்டுச்செல்லும். நிறுவனத்தின் வற்புறுத்தலால் செய்தாலும், பதிவு ஓட்டுநரின் பெயரிலேயே இருக்கும்.

எனவே, இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே அட்டை வாங்கித் தருவதாகக் கூறி முகவர் எவரேனும் பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அட்டைக்கான கட்டணத்தை ஏற்பது யார், எந்த நாட்டில் விண்ணப்பிக்கப்படும் என்பவற்றைப் பணி ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது.