தன் குரலைத் தானே கேட்டல்

கல்வராயன் மலைவாழ் மலையாளி மக்களின் பாடல்களைப் பதிவு செய்ய விழைந்து யாம் கள்ளக்குறிச்சி வழியாக மலையேறினோம். முதலிற் பதிந்த பறையொலியை ஹெட்போனிற் கேட்டவாறே பாடத் தொடங்கிய மூதாட்டியார், "யாரோ எனக்குப் பின்னே பாடுகிறார்களே" என்று பாட்டை நிறுத்திவிட்டார். பின்னே பாடியது அவர்தம் குரலே!

இதன் காரணம் யாது? மைக்கில் விழும் ஒலியை ஆடியோ இன்டர்பேஸ் எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகின்றது. பதிவு மென்பொருள் அவ்வெண்களைத் தொகுதி தொகுதியாகவே கையாளும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்குங்கால், 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி நிறைய ஏறத்தாழ 21 மில்லிசெகண்டு ஆகும். திரும்பி வருதற்கும் ஏறக்குறைய அவ்வளவே. தொகுதியை 128 ஆகக் குறைப்பின் தாமதம் குறையும். ஆயின் ஆற்றல் குன்றிய கணினி திணறி, ஒலி வெடிப்புறும்.

ஆதலின், கணினியுட் புகாது குரலை நேரே செவிக்கனுப்பும் டைரக்ட் மானிட்டர் விசையை இன்டர்பேசில் திறந்து, மென்பொருளில் அக்குரற்பாதையின் மானிட்டரை அணைத்தல் வேண்டும். இரண்டும் திறந்திருப்பின் குரல் இரட்டிக்கும். செவியை முற்றும் மூடும் ஹெட்போனே ஏற்றது. அன்றேல் பறையொலி கசிந்து மைக்கிற் புகும்.

அன்று அம்மூதாட்டியார் பொறுமையுடன் மறுமுறை பாடினார். எல்லாரும் அங்ஙனம் பாடுவரென எதிர்பார்த்தல் தகாது. ஆகவே மாணவ நண்பர்காள், மலையேறுமுன் நீவிரே ஒருமுறை பாடிக் கேட்டுப் பார்ப்பீராக.