கார் அடியில் சொட்டும் எண்ணெய்: எது, எங்கிருந்து?

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. அதற்குப் பதில் தண்டின் மேலேயே மரை மரையாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது, வெளியேறப் பார்க்கும் எண்ணெயை அந்தப் பள்ளங்கள் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்ததும் தள்ளும் வேலையும் நின்றுவிடும். இடுக்கில் மிஞ்சிய எண்ணெய் மெல்ல இறங்கி, கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள துளை வழியாகச் சொட்டும். ஆக, அங்கே விழும் ஓரிரண்டு சொட்டு பழுதே அல்ல. அந்த பிரிட்டிஷ் எஞ்சின் பிறந்ததே அப்படித்தான். ஒரு ரூபாய் நாணய அளவுக் கறைக்காக அம்பாசடர் எஞ்சினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் கதை வேறு. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் சீல் உட்கார்ந்திருக்கும். ஒரு சீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே இரும்பு வளையம். அதில் ஒட்டிய ரப்பர். ரப்பரின் உள்விளிம்பில் மெல்லிய உதடு. உதட்டைத் தண்டின் மேல் இறுக்கிப் பிடிக்க, முதுகுப் பக்கம் சன்னமான சுருள் கம்பி. உதடு இறுக மூடியிருப்பதால்தான் எண்ணெய் நிற்கிறது என்று தோன்றும். ஆனால் தண்டு ஓடும்போது உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு தடிமனில், எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. நல்ல சீல் அந்தப் படலத்தை ஓயாமல் உள்ளே திருப்பி அனுப்புகிறது. படலம் இல்லாவிட்டால் உதடு கருகிப்போகும்.

இந்த நுட்பமான வேலையை வயது கெடுக்கிறது. எஞ்சின் சூட்டில் ஆக்சிஜன் ரப்பரைத் தாக்கி, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதுப் பிணைப்புகளைப் போடுகிறது. பிணைப்பு கூடக்கூட ரப்பர் விறைக்கும். புது சீலில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே மீளும். இருபது வருடச் சீலில் நகம் இறங்கவே இறங்காது. உதடு உரசிய இடத்தில் தண்டும் வளையமாகத் தேய்ந்திருக்கும். அதே பள்ளத்தின் மேல் புது சீலை உட்காரவைத்தால் புதுசும் ஒழுகும். கைதேர்ந்த மெக்கானிக் அதை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துவார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. எது ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்ற இரண்டும் தெரியுமுன் ஸ்பானரை எடுப்பதுதான் பழைய கார்க்காரர்களின் பணத்தை அதிகம் விழுங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிமெண்ட் தரையில் நிறம் தெரியாது. எதை உறிஞ்சினாலும் கறுத்துப்போகும். இரவில் காருக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். தடித்து, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பற்சக்கரங்கள் தேயாமலிருக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களின் வாடை அது. பச்சை, ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறத்தில் லேசான இனிப்பு மணம் வந்தால் கூலண்ட். சிவப்பு என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். ஏசி போட்டு ஓட்டிய பிறகு விழும் வெறும் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிறது. சென்னை மாதிரி ஊரில் அது சொட்டாவிட்டால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் சந்தேகமா? ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் சொட்டை விடுங்கள். எஞ்சின் ஆயில் மிதக்கும். பிரேக் ஆயில் மிதக்காது. தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். அது பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைக்கால் ஈதர் வகை வேதிப்பொருள். கூலண்டும் கலக்கும், ஆனால் அதன் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

கறையின் அகலத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம். லண்டனை ஒட்டிய கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றியதும், அரை ஏக்கர் பரப்பு அலையடங்கிப் போனதை பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். எஞ்சின் ஆயில் அவ்வளவு மெலிதாகப் பரவாது. ஆனாலும் மழைநாளில் ரோட்டில் வானவில் காட்டும் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு போயிருக்கிறது என்பதைத் தரையில் தேடாதீர்கள், டிப்ஸ்டிக்கில் பாருங்கள்.

அடுத்தது இடம். சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான பிழை தொடங்குகிறது. எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே டேப்பட் கவர் பேக்கிங்கில் தொடங்கிய கசிவு எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பின் விளிம்பைப் பிடித்து ஓடி, பின்பக்கமாகச் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவர் சம்ப் பேக்கிங்கையோ கிராங்க் சீலையோ குற்றம் சொல்வார். முன்னதை மாற்ற அரை நாள். பின்னதற்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். டேப்பட் கவர் பேக்கிங்கோ சில போல்ட்டைக் கழற்றினால் முடிகிற வேலை. ஆகவே நனைந்த பகுதியில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும்.

அதைப் பார்க்க எஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கில் எதுவும் தெரியாது. கிரீஸ் நீக்கி அடித்து, டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிடுங்கள். சந்தேகமுள்ள இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பரப்பில் கசிவு தொடங்கிய இடம் இருண்ட கோடாகத் தெரியும். அப்படியும் பிடிபடாத கசிவுக்குப் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. எண்ணெயில் கலந்து ஓட்டினால் போதும்.

இடத்தைக் கண்டுபிடித்து பேக்கிங் மாற்றியும் திரும்ப ஒழுகினால், பேக்கிங்கைத் திட்டாதீர்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் சம்புக்குள் இறங்கத்தான் செய்யும். அதை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ள ஒரு வால்வும் குழாயும் உண்டு. அவை கரிப்பிசுக்கில் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். சின்னக் குழாய்தான், சுத்தம் செய்யக் காசும் ஆகாது. ஆனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொன்று, பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசையை அள்ளி அப்புவது. உள்பக்கம் பிதுங்கிய பசை உடைந்து விழுந்து சம்பிலுள்ள எண்ணெய் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

கூலண்ட் கசிவு பல நேரம் தரைக்கே வராது. ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் பல கார்களில் சுமார் 0.9 பார், அதில் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அவ்வளவு சூட்டில் வெளிவரும் துளி, விழுமுன்பே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிவை விட்டுச்செல்லும். ஹோஸ் கிளிப்புகளையும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையையும் பாருங்கள். பம்பின் சீல் தேய்ந்தால் அந்தத் துளையில்தான் முதலில் ஈரம் தெரியும். ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகே திறக்க வேண்டும். கீழே சிந்திய கூலண்டைக் கட்டாயம் கழுவிவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும்; நாய் நக்கிவிடும், குழந்தையும் வாயில் வைக்கும். உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. உயிரையே பறிக்கும்.

எஞ்சின் ஆயில் கசிவோடு, அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு, சில நாள் ஓட்டலாம். பிரேக் ஆயில் கசிவோடு பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகக் கூடாது. பழைய கார்களில் அது பெரும்பாலும் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரில் தொடங்கும். தரையில் ஒன்றும் இருக்காது. டயரின் உட்பக்கச் சுவரில்தான் ஈரக்கோடு தெரியும். கேபினில் பிரேக் பெடலுக்கு மேலே விரலைவிட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அங்கே ஈரம் இருக்கலாம். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்து, பெடலும் மெத்தென்று இறங்கினால் சந்தேகமே வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் கசிவு காகிதத்தில் கறை விடாது. காய்ந்துபோகும், வாடை மட்டும் நிற்கும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. இப்போது நம் பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தொண்ணூறுகளின் கார்களிலுள்ள ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டுச் சில வகை ரப்பர் உப்பி, மென்மையாகி, விரிசல் விடும். கசியும்வரை காத்திருக்காமல், டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். அதற்குமுன் வாடை வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள், விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். ஷெட் கதவை அகலத் திறந்து, காரைத் தள்ளியே வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள்.